லாரி, நாய், சொந்தக்காரர்

எங்கள் வீட்டில் நல்ல சைக்கிள் பாதை என்றால் மூன்று நிபந்தனைகள். லாரி இருக்கக் கூடாது. நாய் இருக்கக் கூடாது. சொந்தக்காரர் இருக்கக் கூடாது. விதித்தவள் என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதல் இரண்டுக்கும் ஏதாவது செய்து சமாளித்துவிடலாம். மூன்றாவதுக்குத்தான் வழியே இல்லை. அவளுக்கு ராஜபாளையத்தில் தொடங்கி வத்திராயிருப்பு வரைக்கும் உறவு. போதாததற்கு என் பக்கத்து ஆட்களும் ஆங்காங்கே குடியிருந்தார்கள்.

சைக்கிள் வாங்கியதே டாக்டரால்தான். அவளுக்குச் சர்க்கரை. நடக்கச் சொன்னார், முழங்கால் வலிக்கிறது என்றாள். அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள் என்றார். ஐம்பதைத் தாண்டியவள் கூச்சப்பட்டு மறுத்துவிடுவாள் என்று நினைத்துச் சொல்லியிருப்பார் போல. அவள் அன்று சாயங்காலமே என்னை ராஜபாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் அங்கே ஒரு நூற்பு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மிஷினைப் பார்த்தால் இவருக்குத் தெரியும் என்பது அவள் எண்ணம். நான் பார்த்த மிஷின் எதிலும் யாரும் ஏறி உட்கார்ந்து போனதில்லை.

ஆளுக்கொன்றாகக் கியர் சைக்கிள் இரண்டு வாங்கினோம். அவள் தன்னுடையதற்குக் கேரியர் வேண்டும் என்றாள்.

"கியர் சைக்கிளுக்கெல்லாம் கேரியர் வராதும்மா" என்றார் கடைக்காரர்.

"வர வைங்க."

"எதுக்கும்மா?"

"தேங்கா வைக்க."

கடைக்காரர் எங்கேயோ சொல்லி ஒன்றை வரவழைத்து மாட்டிக் கொடுத்தார். என் சைக்கிளில் கேரியரும் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. நிறுத்த வேண்டுமானால் சுவரிலோ மரத்திலோ சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த விலைக்கு ஸ்டாண்டுகூடக் கிடையாதா என்று கேட்டேன். ஸ்டாண்ட் இல்லாததால்தான் அந்த விலை என்று விளக்கினார். தேங்காய் ஒன்றுகூட இன்றுவரை அந்தக் கேரியரில் ஏறவில்லை.

முதலில் பெரிய ரோட்டில் ராஜபாளையம் வரை போய்ப் பார்த்தோம். போனோம், வந்தோம், உயிரோடு இருந்தோம். லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹாரன் அடிப்பார்கள். அடித்த பிறகு தாண்டிப் போவார்களா என்றால் அதுவும் இல்லை, பக்கத்திலேயே வந்து கியர் சைக்கிளை வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ரோடு அன்றோடு சரி.

மம்சாபுரம் வழி அருமையான வழி. பச்சை, நிழல், அளவான மேடு. ஆனால் அங்கே என் பெரியப்பா மகன் இருக்கிறார். எங்களைப் பார்த்ததும் ரோட்டுக்கே வந்து, "என்னண்ணே, பைக்க வித்துட்டீகளா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னார் என்றேன். மறு ஞாயிற்றுக்கிழமை அவர் சம்சாரம் பழம், ஹார்லிக்ஸ் சகிதம் வீட்டுக்கு வந்து, யாருக்கு எந்த இடத்தில் அடைப்பு என்று விசாரித்தார்.

அய்யனார் கோவில் ரோட்டில் மாந்தோப்புகள். தோப்புக்குத் தோப்பு நாய்கள். ராஜபாளையத்து நாய்க்கு உலகம் முழுக்கப் பேர் என்பார்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று எங்களுக்கு அன்று தெரிந்தது. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணியை வெளுத்து வெட்டவெளியில் நீள நீளமாகக் காயப்போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் ரோடு, காற்றுக்குக் குறைவில்லை. எனக்கு மனசு நிறைந்துபோனது. அவளுடைய மாமா வீடு அங்கே இருக்கிறது என்பது திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. அதுவும் மாமா கைதட்டிக் கூப்பிட்ட பிறகு. தளவாய்புரத்தில் சித்தி மகள் நைட்டி தைத்து அனுப்புகிறாள். அந்தப் பக்கம் போனால் பத்து நைட்டியாவது வாங்காமல் திரும்ப முடியாது. செண்பகத்தோப்பு ரோட்டில் சொந்தக்காரர் யாரும் இல்லை. அங்கே வனத்துறைக் கேட் இருக்கிறது. சொந்தக்காரர் இல்லாத இடத்துக்குள் போக அரசாங்கம் அனுமதிப்பதில்லை என்று புரிந்துகொண்டோம்.

காற்றடிக்கப் போனபோது சைக்கிள் கடைக்காரர்தான் ஆஃப் ரோடு என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். தார் ரோட்டை விட்டு இறங்கி வண்டிப்பாதை, கண்மாய்க்கரை, ஓடைக்கரை என்று ஓட்டுவதாம். என் மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. ரோடே இல்லாத இடத்தில் சொந்தக்காரர் வீடு கட்டியிருக்க மாட்டார் அல்லவா.

இவ்வளவு சொன்ன பிறகு கூமாப்பட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் இருக்கிற அந்த ஊரில் அவளுடைய தங்கை இருக்கிறாள். ஒரே தங்கை. இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தங்கையும் அவள் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. இன்னும் பத்து வீட்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் பத்திரிகையைக் கேட்டில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை கூடப்பிறந்தவளுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, கையில் கொடுத்து, குங்குமம் இட்டுவிட்டுப் போக வேண்டும். பால் பாக்கெட் மாதிரி போட்டுவிட்டுப் போனாளே என்று இவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பெரியம்மா வராமல் என் பிள்ளை கழுத்தில் தாலி ஏறியதே என்று அவள் இந்தப் பக்கம் வரவில்லை. எங்கள் மகன் கல்யாணத்துக்கு அவளுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை போனது. அதில் ஒரு வணக்கம்கூடப் போடவில்லை. இரண்டு நீலக் கோடு வந்தது, ஆள் வரவில்லை.

"இனிமே அவ வீட்டுத் தண்ணி நம்ம பல்லுல படக்கூடாது" என்று அப்போது எனக்கும் சேர்த்து உத்தரவு போட்டாள். நானும் சரி என்றேன். அப்போது எனக்குத் தாகம் இல்லை.

ஆஃப் ரோடு தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். தெற்கே போவது நின்றுவிட்டது. முதல் வாரம் ஊருக்கு வடக்கே ஒரு கண்மாய்க்கரை. அடுத்த வாரம் அதைத் தாண்டி ஓர் ஓடை. அதற்கடுத்த வாரம் மலையடிவாரத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூமாப்பட்டியை நெருங்கிக்கொண்டிருந்தோம். வலப்பக்கம் திரும்பினால் கிருஷ்ணன்கோவில் ரோடு, காப்பி கிடைக்கும் என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் அவள் இடப்பக்கம் திரும்பினாள். கேட்டால், "அங்கிட்டு லாரி வரும்" என்றாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததை வெளியே காட்டினால் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவாள் என்பதும் புரிந்தது. ஆகவே, ஆமாம், லாரி வரும் என்றேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இருட்டோடு கிளம்பி, வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து தோப்பு வேலிகளை ஒட்டிய ஓர் ஒற்றையடிப் பாதையில் போனோம். பனி விழுந்து தலை நனைந்ததால் வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். விடிகிற நேரத்தில் அவள் பின் சக்கரத்தில் சீமைக்கருவேல முள் ஏறியது. பஞ்சர் ஒட்டும் பை என்னிடம் இருந்தது. பசை டியூபைப் பிதுக்கினால் ஒன்றும் வரவில்லை, காய்ந்து கட்டியாகிவிட்டது. மெயின்டனன்ஸில் இருந்தவர் என்று அவள் ஒரு தடவை சொன்னாள், அதற்குமேல் சொல்லவில்லை. போனில் டவர் இல்லை.

"நீங்க முன்னால போயி யாரையாச்சும் கேளுங்க. நான் உருட்டிக்கிட்டே பின்னால வாரேன்" என்றாள்.

நான் வேகமாக மிதித்தேன். பாதை ஒரு தோப்புக்குள் நுழைந்து, வாய்க்காலைத் தாண்டி, ஒரு வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் விட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த புது வீடு, நான் பார்த்ததில்லை. கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பார்த்திருக்கிறேன். என் கொழுந்தியாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் இழவுச் செய்தி போனில் வருகிறது. ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குப் போன் போட மாட்டார்கள், ஆள்தான் போகும். எவ்வளவு பெரிய பகையானாலும் துட்டித் தாக்கல் சொல்ல ஆள் அனுப்பிவிட வேண்டும். அப்படிப் போகிறவர் விடிந்தும் விடியாமலும் ஒற்றையாகப் போவார். இன்னும் பல வீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் வண்டிக்கு ஸ்டாண்ட் போட மாட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். எடுத்த எடுப்பில் உடைக்கவும் மாட்டார், பதற வேண்டாம் என்றுதான் தொடங்குவார். இதெல்லாம் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டையில் பஞ்சர் மட்டும்தான் இருந்தது.

தலையில் வெள்ளைத் துண்டு. கையில் பிடித்த சைக்கிள், சாய்க்கப் பக்கத்தில் சுவர் இல்லை. மூச்சு இரைத்ததில் பேச்சு வரவில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாங்கத்தான். மொதல்ல தண்ணியக் குடிங்க."

எனக்குத் தாகம் உயிர் போனது. உத்தரவு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் முகம் மாறியது.

"என்னத்தான்? எதும் தாக்கலா?"

"பதறாத. ஒண்ணுமில்ல" என்றேன். "அக்காவுக்கு வழியில..."

பஞ்சர் என்ற சொல்லை என்னால் அதன் பிறகு சொல்லவே முடியவில்லை. செம்பு கீழே விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் பறந்தன. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்கவில்லை. என் துண்டையும் சைக்கிளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கணவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் தோள் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. பற்பசை நுரை என் கழுத்தில் வழிந்தது.

"எத்தன மணிக்கு எடுக்காக?" என்று பெரியவர் ஒருவர் காதோரம் கேட்டார். இல்லை இல்லை என்று தலையாட்டினேன். "இன்னும் நேரம் குறிக்கலையாம்" என்று அவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"எக்கா, ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியேக்கா" என்று அவள் தொடங்கினாள். "கேட்டுல சொருகுனது தப்புத்தான்னு ஒங்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேனேக்கா. ஒன் தெருமுக்கு வரைக்கும் வந்து வந்து திரும்புனேனேக்கா. கேரியர்ல ஒக்கார வச்சு பள்ளிக்கூடம் வரைக்கும் மிதிப்பியே. மேட்டுல எறங்குதேன்னு சொன்னாலும் எறங்க விட மாட்டியே. இனிமே என்னை யாரு மிதிச்சுக் கூட்டிட்டுப் போவா."

என் மனைவி சாகவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

அப்போதுதான் வேலி இடைவெளியில் என் மனைவியைப் பார்த்தேன். ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் சீட். பின் சக்கரம் தரையோடு ஒட்டியிருந்தது. கட்டிப்பிடித்திருந்தவரின் தோளுக்கு மேலாகக் கையை ஆட்டினேன். அவள் உதட்டில் விரல் வைத்துப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அங்கேயே நின்று கேட்டாள். கேரியர் வந்த இடத்தில் அவள் தலை குனிந்தது. மேட்டில் இறங்க விடாத இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒரு வரி விடாமல் கேட்டு முடித்த பிறகுதான் வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏட்டி, கேட்டுல சொருகல. கீழ கெடந்துச்சு. மழையில நனைஞ்சு போயி."

ஒப்பாரி நின்றது. தங்கை அண்ணாந்து பார்த்தாள். எழுந்து வந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள். அப்புறம் ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள்.

"சொருகித்தான்க்கா வச்சேன். காத்துல விழுந்திருக்கும்."

"சரி. காத்துல விழுந்திருக்கும்" என்றாள் என் மனைவி.

இத்தனை வருஷம் இழுத்தது அவ்வளவுதான். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்தத் தடவை சத்தமே இல்லை.

"அப்ப செத்தது யாரு?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். சக்கரத்தைக் காட்டினேன். எடுக்கிற நேரம் வரை விசாரித்துவிட்ட மனிதருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் ஆயுசு கெட்டி என்று என் மனைவியை வாழ்த்திவிட்டுப் போனார். பெண்கள் கூந்தலை முடிந்துகொண்டு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். என்னைக் கடந்து போன ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்த்தார்கள், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

தங்கை வேறு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் மனைவி அண்ணாந்து பாதியைக் குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க. எதுக்கு நாக்கு வறண்டு நிக்கிய?"

உத்தரவு ரத்தானதற்கு வேறு அறிவிப்பு எதுவும் வரவில்லை. குடித்தேன். கூமாப்பட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர்.

கொழுந்தியாள் கணவர் பஞ்சரை ஒட்டிக் கொடுத்தார். அவர் வீட்டுப் பசை காயவில்லை. இட்லி சாப்பிட்டோம், மத்தியானம் வரை இருந்தோம். கிளம்பும்போது என் மனைவி சைக்கிளை வீட்டுக்கு முன்னால் நேராக நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கேரியரைத் தட்டினாள்.

"ஏறுட்டி."

"எக்கா, நான் இப்ப எம்புட்டு கனமுன்னு தெரியுமா? ஒனக்கு மூட்டு வலி வேற."

"ஏறுங்கேன்."

தங்கை சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இருபது முப்பது அடி போயிருப்பார்கள். தெரு முனையில் ஒரு சின்ன மேடு. இறங்குகிறேன் என்று தங்கை சொன்னது எனக்குக் கேட்டது. இவள் கியரைக் குறைத்தாள். மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கண்ணுக்கு மறைந்துபோனார்கள். நான் என் ஸ்டாண்ட் இல்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

இப்போது எங்கள் ஊரில் இன்னும் சிலர் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் போனால் நன்றாக இருக்கும் என்று எங்களிடம் வந்து கேட்கிறார்கள். என்னிடம் கேட்டால் அவளைக் கைகாட்டிவிடுவேன். போன வாரம்கூட ஒருவர் வந்து கேட்டார். அவள் கேரியரில் ஒரு பழைய துண்டை நாலாக மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காருகிறவளுக்குக் கம்பி குத்துகிறதாம்.

"நல்ல பாதைன்னா ரெண்டே விசயந்தான் பாக்கணும்" என்றாள். "லாரி இருக்கக் கூடாது. நாய் இருக்கக் கூடாது."